லியூஜோவில் பிறந்த சிறிய கார்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2020-ஆம் ஆண்டு ஜூலை மாதம், சீனாவின் செங்டு நகரில் நடந்த வாகனக் கண்காட்சியில் விலை அறிவிக்கப்பட்டு விற்பனைக்கு வந்த ஒரு மின்காரைப் பற்றிப் பேச இங்கே வந்திருக்கிறேன். அதன் பெயர் வூலிங் ஹொங்குவாங் மினி இ.வி. நீளம் 2.92 மீட்டர், அகலம் 1.49 மீட்டர்; ஆனாலும் நான்கு பேர் உட்காரலாம். ஆரம்ப விலை 28,800 யுவான், அதாவது அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. அடுத்த ஆண்டு விற்பனை நான்கு லட்சத்தை நெருங்கியது. டெஸ்லாவின் கார்களையும் பின்னுக்குத் தள்ளி, சீனாவில் மிக அதிகமாக விற்கும் மின்கார் என்ற இடத்தை இந்தச் சிறிய கார் பிடித்தது.

இவ்வளவு குறைந்த விலைக்கு ஒரு காரை எப்படிக் கொடுக்க முடிந்தது என்று கேட்டால், கூலி குறைவு, அரசு மானியம் கொடுத்திருக்கும் என்று இரண்டு பதில்கள் உடனே வரும். இரண்டுமே போதாத பதில்கள் என்பது என் கருத்து. அந்த விலையில் ஒரு பகுதி காருக்குள் இருக்கிறது; மறுபகுதி அதைச் செய்த தொழிற்சாலையின் பழைய பழக்கத்திலும், அது பிறந்த ஊரின் தெருக்களிலும், சீன அரசு எழுதிய ஒரு விதியிலும் இருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து தொடங்குகிறேன். சீனாவின் தெற்கே, வியட்நாமை ஒட்டிய குவாங்ஷி மாநிலத்தில் லியூஜோ என்ற தொழில் நகரம் உண்டு. இரும்பாலையும் மண்வாரி இயந்திரங்களும் அதன் பழைய அடையாளம்; நத்தைச் சாற்றில் செய்யும் அரிசி நூடுல்ஸ் அதன் இன்றைய புகழ். 1958-இல் இங்கே தொடங்கப்பட்ட ஓர் இயந்திரத் தொழிற்சாலை, அறுபதுகளில் டிராக்டர் செய்யும் ஆலையாக மாறியது. மாவோவுக்குப் பிந்தைய பொருளாதார மாற்றங்களில் டிராக்டர்களுக்கான தேவை சரிந்தபோது, தொழிலாளர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தையல் இயந்திரமும் நெசவு இயந்திரமும்கூட அங்கே செய்தார்கள். பிறகு, ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் சிறிய வேன் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, அதன் ஒவ்வொரு பாகத்தையும் தாங்களே செய்து, எண்பதுகளின் தொடக்கத்தில் தங்கள் முதல் சிறிய வேனை ஓட்டினார்கள். வாங்குகிறவர் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை முதலில் பார்த்து, அதற்குள் அடங்குமாறு வண்டியைச் செய்யும் பழக்கம் இந்த ஆலைக்கு அந்த நாட்களிலேயே வந்துவிட்டது.

2002-இல் ஷாங்காயின் சாய்க் நிறுவனம், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், லியூஜோவின் வூலிங் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனத்தை உருவாக்கின. இப்போது பங்குகள் முறையே 50.1, 44, 5.9 சதவீதம். இந்தக் கூட்டு நிறுவனம் செய்த வேன்கள்தான் சீனச் சிற்றூர்களின் சரக்கையும் மனிதர்களையும் சுமந்தன. காலையில் காய்கறி மூட்டை, மதியம் சிமெண்ட் மூட்டை, மாலையில் பள்ளிப் பிள்ளைகள் என்று ஒரே வண்டி எல்லாவற்றுக்கும் பயன்பட்டது. 2010-இல் வந்த ஹொங்குவாங் வேன் பல ஆண்டுகள் சீனாவிலேயே மிக அதிகமாக விற்ற வாகனங்களுள் ஒன்றாக இருந்தது, மினி இ.வி.க்கு அதன் பெயரையே வைத்ததற்குக் காரணம் அந்த நம்பிக்கைதான். 2020 பிப்ரவரியில் கொரோனா பரவியபோது இதே நிறுவனம் முகக்கவசம் செய்யத் தொடங்கி, மக்களுக்கு எது தேவையோ அதை வூலிங் செய்யும் என்ற வாசகத்தைப் பெட்டிகளில் அச்சிட்டது. விளம்பர வாசகம்தான் என்றாலும், அந்த ஆலையின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அதில் உண்மை தெரியும்.

அடுத்தது ஊர். இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி இது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மினி இ.வி.க்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 2017-இல், இதே நிறுவனம் பாவ்ஜுன் இ100 என்ற இரண்டு இருக்கை மின்காரை லியூஜோவில் வெளியிட்டது. அதன் நீளம் இரண்டரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. மின்காரையே பார்த்திராத மக்களிடம் இதை எப்படிக் கொண்டு சேர்ப்பது? நிறுவனமும் நகர நிர்வாகமும் சேர்ந்து, விருப்பமுள்ளவர்கள் காரை எடுத்துச் சென்று பல நாட்கள் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்தன. ஓட்டியவர்கள் சொன்ன குறைகள் ஆலைக்குப் போயின. எங்கே நிறுத்துவது, எங்கே சார்ஜ் செய்வது என்ற இரண்டு கேள்விகளும் திரும்பத் திரும்ப வந்தன.

பெரிய காருக்கு இடம் போதாமல் வீணாகக் கிடந்த தெருமுனைகள், மரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகள், கட்டடங்களின் ஓரங்கள் ஆகியவற்றை நகர நிர்வாகம் தேடிப்பிடித்து, சிறிய மின்கார்களுக்கு மட்டும் என்று கோடு போட்டுக் கொடுத்தது. அவற்றின் அருகிலும் குடியிருப்புகளிலும் சாதாரண 220 வோல்ட் மின்செருகிகளை வைத்தார்கள். விரைவு சார்ஜ் நிலையம் ஒன்றுக்கு ஆகும் செலவில் இப்படிப்பட்ட செருகிகளை எத்தனையோ வைக்கலாம். அதன் பலனாக, நாடு முழுவதும் விற்ற புதிய கார்களில் மின்வாகனங்கள் 5 சதவீதத்தை ஒட்டியே இருந்த 2020-இல், லியூஜோவில் அந்த விகிதம் அதைப்போலப் பல மடங்காக உயர்ந்திருந்தது. பெய்ஜிங், ஷாங்காய் போன்ற பெருநகரங்களில் பெட்ரோல் காருக்கு நம்பர் பிளேட் கிடைப்பதே கடினம் என்பதால் மக்கள் மின்காருக்கு மாறினார்கள். லியூஜோவில் அப்படி ஒரு நெருக்கடி இல்லை. வசதி கண்டு மாறினார்கள் என்பதால்தான் இந்த ஊரின் அனுபவத்தை நகரத் திட்டமிடுவோர் அனைவரும் படிக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

இனி 2020-இல் வந்த அந்த முதல் காரை அருகில் சென்று பார்ப்போம். மோட்டார் பின்பக்கம் இருக்கிறது, பின்சக்கரங்களை ஓட்டுகிறது. அதன் ஆற்றல் 20 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 27 குதிரைத்திறன். உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். சக்கரங்கள் 12 அங்குலம். 9 கிலோவாட்-மணியை ஒட்டிய சிறிய பேட்டரியோடு ஒரு வகை, 14 கிலோவாட்-மணியை ஒட்டிய பேட்டரியோடு இன்னொரு வகை. சோதனை முறைப்படி முதலாவது 120 கிலோமீட்டரும் இரண்டாவது 170 கிலோமீட்டரும் ஓடும். வீட்டுச் செருகியில் மாட்டினால் ஆறரை மணி முதல் ஒன்பது மணி நேரத்தில் நிரம்பிவிடும். இரவு உறங்கி எழுவதற்குள் வேலை முடிந்துவிடும். தொடக்கத்தில் விரைவு சார்ஜ் வசதியே கிடையாது. பின் இருக்கைகளை மடித்தால் சந்தைச் சாமான் முழுவதும் உள்ளே போகும். அடிப்படை வகையில் ஏ.சி. இல்லை; அது வேண்டுமென்றால் அன்று 32,800 யுவான் கொடுத்து அடுத்த வகையை வாங்க வேண்டியிருந்தது.

மின்காரில் மிக விலை உயர்ந்த பாகம் பேட்டரிதான். அதைச் சிறிதாக்கியவுடன் மற்றவை தாமாகச் சிறுத்துவிடும் என்பதே இந்த வடிவமைப்பின் உயிர்நாடி. பேட்டரி சிறியதாக இருந்தால் எடை குறையும். எடை குறைந்தால் சிறிய மோட்டார் போதும். அதைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய்களும் பம்பும் தேவைப்படாது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகப் பேராசிரியர் மசயோஷி யமமோட்டோ இந்தக் காரை முழுமையாகப் பிரித்து ஆராய்ந்தார். வாகனங்களுக்கென்று தனியாகச் செய்யப்படும் விலையுயர்ந்த மின்னணுச் சில்லுகளுக்குப் பதிலாகப் பொதுப் பயன்பாட்டுச் சில்லுகள் பல இடங்களில் பயன்பட்டிருப்பதை அவர் கண்டார். பழுதானால் எளிதில் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு அந்த மின்னணுப் பலகை செய்யப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிற்றூர் வேன் செய்தவர்களின் மனம் அந்தப் பலகையில் தெரிகிறது.

ஆனால் ஒன்றை நான் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். முதலில் வந்த மினி இ.வி.யில், மோதும்போது விரிந்து உயிர் காக்கும் காற்றுப்பை இல்லை. ஏ.சி.யை விட்டது வாங்குகிறவரின் விருப்பத்துக்குரிய விஷயம். காற்றுப்பையை விட்டதை அப்படிக் கொள்ள முடியாது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய, குழந்தைகளையும் ஏற்றிச் செல்லும் வண்டி அது. விலை குறைவு என்ற காரணத்துக்காக இதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. 2021-இல் வந்த மக்கரூன் என்ற வகையில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை வைத்தார்கள். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மானியத்துக்கு வருகிறேன். சீன நடுவண் அரசு மின்கார் வாங்குவோருக்குப் பல ஆண்டுகள் மானியம் கொடுத்தது உண்மை. ஆனால் 2019-இலிருந்து, ஒருமுறை சார்ஜ் செய்தால் குறைந்தது 250 கிலோமீட்டர் ஓடும் கார்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. மறு ஆண்டே அந்த வரம்பு 300 ஆனது. 120 கிலோமீட்டர் ஓடும் காருக்கு அதில் இடமில்லை. மானியத்தைத் துரத்திய மற்ற நிறுவனங்கள் பேட்டரியைப் பெரிதாக்கிக்கொண்டே போனபோது, வூலிங் அதை விட்டுவிட்டுத் தன் கணக்கைத் தனியாகப் போட்டது. கொள்முதல் வரிவிலக்கு மட்டும் இருந்தது.

அப்படியானால் லாபம் எங்கிருந்து வந்தது? ஒரு காரில் நூறு யுவானுக்கும் குறைவாகவே மிஞ்சுகிறது என்று சீனப் பத்திரிகைகள் எழுதின. நான் முன்பு சொன்ன அரசு விதி இங்கேதான் வருகிறது. 2017-இல் அறிவிக்கப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த இரட்டைப் புள்ளி முறையின்படி, கார் நிறுவனங்கள் தாங்கள் செய்யும் வாகனங்களுக்கு ஏற்ப எரிபொருள் சிக்கனத்துக்கும் மின்சாரம் போன்ற புதிய ஆற்றலுக்கும் தனித்தனியாகப் புள்ளிகள் காட்ட வேண்டும். பெட்ரோல் கார்களையே செய்து புள்ளி பற்றாமல் நிற்கும் நிறுவனம், மிகுதியாக வைத்திருக்கும் நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். விற்ற ஒவ்வொரு மினி இ.வி.யும் புள்ளி தந்தது. பெரிய பெட்ரோல் வண்டிகளைச் செய்தவர்கள் சிறிய மின்காரின் செலவில் ஒரு பங்கைச் சுமக்கும்படி அந்த விதி அமைந்தது. அதை நேர்மையான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன்.

வாங்கியவர்கள் யார் என்பதும் எதிர்பாராதது. ஷான்டோங் பகுதியில் முதியவர்கள் ஓட்டும், ஈய அமில பேட்டரி வைத்த, நம்பர் பிளேட்டோ உரிமமோ இல்லாத மெதுவண்டிகளுக்கு இது மாற்றாகும் என்று பலர் எண்ணினார்கள். அப்படியும் விற்றது. ஆனால் பெருங்கூட்டமாக வந்தவர்கள் இளைஞர்கள். அவர்களிலும் பெண்கள் மிகுதி. வண்டியின் தட்டையான பக்கங்களில் ஓவியம் ஒட்டினார்கள், சக்கர மூடிகளை மாற்றினார்கள், உட்புறத்தைத் தங்கள் விருப்பப்படி அலங்கரித்தார்கள். மக்கரூன் வகையின் வெளிர் பச்சையும் வெளிர் மஞ்சளும் இளஞ்சிவப்பும் அவர்களைப் பார்த்தே வந்த நிறங்கள்.

2022-இல் நிலைமை இறுகியது. பேட்டரிக்கு வேண்டிய லித்தியம் கார்பனேட்டின் விலை, 2021 தொடக்கத்தில் டன்னுக்கு 50,000 யுவானை ஒட்டி இருந்தது, 2022 மார்ச்சில் 5 லட்சத்தை எட்டியது. மினி இ.வி.யின் ஆரம்ப விலையும் 32,800 யுவானுக்கு ஏறியது. சங்கான், செரி, ஜீலி ஆகிய நிறுவனங்கள் இதே அளவில் கார்களைக் கொண்டுவந்தன, 2023-இல் பி.ஒய்.டி. கொண்டுவந்த சீகல், விலை கூடுதலானாலும் நான்கு கதவுகளும் நீண்ட ஓட்டமும் உள்ள முழுக் காராக இருந்தது. மினி இ.வி.யின் விற்பனை அவ்வாண்டு வெகுவாகச் சரிந்தது.

இந்தக் காரின் உறவு நம் நாட்டிலும் உண்டு. இதே சிறு மின்கார் அடித்தளத்தில், வலப்பக்க ஸ்டியரிங்கோடு உருவான ஏர் இ.வி. 2022-இல் இந்தோனேசியாவில் விற்பனைக்கு வந்து, அவ்வாண்டு பாலியில் நடந்த ஜி-20 மாநாட்டில் ஓடியது. 2023-இல் அதுவே எம்.ஜி. காமெட் என்ற பெயரில் குஜராத்தின் ஹலோல் ஆலையிலிருந்து வந்தது. நம் ஊர்த் தெருக்களில் ஓடும் காமெட்டைக் கண்டிருப்பீர்கள். அந்த ஹலோல் ஆலை முன்பு ஜெனரல் மோட்டார்ஸின் கையில் இருந்தபோது, ஷெவ்ரோலே என்ஜாய் என்ற பெயரில் அங்கே செய்யப்பட்டது வூலிங்கின் ஹொங்குவாங் வேன்தான். காமெட்டில் 17.3 கிலோவாட்-மணி பேட்டரி, இரண்டு காற்றுப்பைகள், அகலமான திரைகள் எல்லாம் உண்டு. அறிமுக விலை 7.98 லட்சம் ரூபாய். பேட்டரியும் வசதிகளும் கூடியதால் விலையில் ஒரு பகுதி கூடியது என்பதை ஏற்கலாம். மீதி வித்தியாசத்தைப் பார்க்கும்போது, லியூஜோவின் பாகங்கள் செய்யும் பட்டறைகளும், தெருமுனைச் செருகிகளும், புள்ளி விதியும் கடல் தாண்டி வரவில்லை என்பது விளங்குகிறது.

2025-இன் தொடக்கத்தில் வூலிங், மினி இ.வி.யின் நான்கு கதவு வகையை 44,800 யுவான் விலையில் வெளியிட்டது. நீளம் 3.26 மீட்டராகக் கூடியிருக்கிறது, பேட்டரி 16.2 கிலோவாட்-மணி, ஓட்டம் 205 கிலோமீட்டர், விரைவு சார்ஜும் உண்டு. பின் இருக்கைக்கு ஏற முன் இருக்கையை மடிக்க வேண்டியிருந்த சிரமம் இதில் தீர்ந்தது. இளவயதில் இரண்டு கதவு வண்டி வாங்கி, இப்போது பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்கு இது மிகவும் பொருந்தும். சரிந்திருந்த விற்பனையும் இதற்குப் பிறகு மீண்டும் ஏறத் தொடங்கியது.