செங்காந்தள் கிழங்கும் மெட்டாபேஸும்

வணக்கம். மைட்டாசிஸ், அதாவது ஒரு செல் ரெண்டா பிரியுறதுன்னு தலைப்பைப் பாத்ததும் பின்வரிசைல சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு, நியாயம்தான், புரோபேஸ், மெட்டாபேஸ், அனாபேஸ், டீலோபேஸ்னு நாலு கட்டத்தையும் மனப்பாடம் பண்ணி, படம் போட்டு, மார்க் வாங்கி, அதோட மறந்துட்டோம். இன்னைக்கு மெட்டாபேஸை மட்டும் பேசுறேன். மத்த மூணும் புக்லயே நல்லா இருக்கு.

வெங்காய வேர் நுனியைச் சாயத்துல ஊறப்போட்டு ஸ்லைடுல நசுக்கிப் பாத்திருப்பீங்க. முக்காவாசி செல்லு சும்மா உருண்டை நியூக்ளியஸோட உக்காந்திருக்கும், தேடிக்கிட்டே போனா எங்கயோ ஒண்ணுல குரோமோசோமெல்லாம் நடுக்கோட்டுல வந்து நிக்கும், அதான் மெட்டாபேஸ். நமக்கு அது சும்மா நிக்குற மாதிரி தெரியும், ஆனா அங்க நடக்குறது கயிறு இழுக்குற போட்டி. ஒவ்வொரு குரோமோசோமும் ஏற்கனவே ரெண்டு காப்பியா ஆகி ஒட்டிக்கிட்டு இருக்கு, ரெண்டு பக்கத்துல இருந்தும் ஸ்பிண்டில் இழைங்க வந்து ஆளுக்கு ஒரு காப்பியைப் புடிச்சு இழுக்குது. ஒரே ஒரு குரோமோசோம்ல இழை மாட்டலன்னாலும் அது "பொறு"ன்னு சிக்னல் விட்டுக்கிட்டே இருக்கும், மொத்த செல்லும் அதுக்காகக் காத்திருக்கும். கடைசி ஆளும் மாட்டினப்புறம்தான் செபரேஸ்ங்கிற என்சைம் அவுத்துவிடப்பட்டு, காப்பிங்களைச் சேத்துக் கட்டியிருக்குற கொஹீசினை வெட்டும். அப்புறம் சில நிமிஷத்துல ரெண்டும் ரெண்டு பக்கம் போயிடும்.

இப்ப அந்த இழையையே கட்ட விடாம பண்ணா? நம்ம மாநிலப் பூ செங்காந்தள் இருக்கே, அதோட கிழங்குலயும் விதையிலயும் கோல்ச்சிசின்ங்கிற விஷம் இருக்கு, மூலனூர் பக்கம் விதைக்காகவே பயிர் பண்றாங்க. கோல்ச்சிசின் போய், இழையைக் கட்டுற புரதமான டியூபுலின்ல ஒட்டிக்கிட்டா இழை உருவாகாது, செல் மெட்டாபேஸ்லயே மாட்டிக்கும். செங்காந்தள் கிழங்கைத்தான் கண்வலிக்கிழங்குன்னு சொல்றோம், அது விஷம்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும், தெரியாம தின்னவங்களுக்கு முதல்ல வாந்தி, வயித்துப்போக்கு, சில நாள்ல ரத்த அணு குறையும், பொழைச்சு வந்தா முடி கொட்டும். வரிசையைப் பாருங்க, குடல் சவ்வு, எலும்பு மஜ்ஜை, முடி வேர், எல்லாமே ஓயாம பிரிஞ்சுக்கிட்டே இருக்குற இடம்.

இதே விஷத்தை வெச்சுத்தான் நம்ம குரோமோசோமையே ஒழுங்கா எண்ணினாங்க, அது இன்னும் சுவாரசியம். மனுஷனுக்கு 48 குரோமோசோம்னு முப்பது வருஷத்துக்கு மேல புக்ல இருந்துச்சு. ஸ்வீடன்ல லுண்ட் ஊர்ல ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லேவனும் செல்லுக்குக் கோல்ச்சிசின் கொடுத்து மெட்டாபேஸ்ல நிறுத்தி, உப்பு கம்மியான தண்ணில உப்ப வெச்சு, குரோமோசோமெல்லாம் தனித்தனியா பரவினப்புறம் எண்ணினா 46 தான் வருது! 1956ல வெளியிட்டாங்க. சரியான கணக்கு கைல இருந்ததாலதான் 1959ல டவுன் சிண்ட்ரோம் குழந்தைங்களுக்கு 47 இருக்குன்னு பிரான்ஸ்ல கண்டுபுடிக்க முடிஞ்சுது.

நித்யகல்யாணியில இருந்து எடுக்குற வின்கிரிஸ்டினும் இதே டியூபுலினைத்தான் புடிக்குது, குழந்தைங்களோட ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்குறாங்க. அதுல கை கால் மரத்துப்போகுதேன்னு கேக்குறீங்களா, நரம்பு செல் பிரியுறதில்ல, ஆனா நீளமான நரம்புக்குள்ள சாமான் ஏத்தி இறக்குறதும் இதே டியூபுலின் பாதையிலதான், மருந்துக்கு எது எந்தப் பாதைன்னு தெரியாது.