641 திறந்த பூட்டு

வணக்கம். பேனா இருந்தால் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. இலக்கம் இலக்கமாகச் சொல்கிறேன்: நான்கு, இரண்டு, ஒன்பது, நான்கு, ஒன்பது, ஆறு, ஏழு, இரண்டு, ஒன்பது, ஏழு. பேனா இல்லையா, பரவாயில்லை. ஒன்றை 32 முறை இரட்டித்து, கடைசியில் ஒன்று கூட்டினால் இது தானாக வந்துவிடும்.

இந்த எண்ணின் மேல் எனக்கு வெகுநாள் பிரியம். ஏன் என்று சொல்ல ஒரு சின்ன விளையாட்டு. மூன்றையும் ஐந்தையும் பெருக்குங்கள், 15. இரண்டு கூட்டுங்கள், 17. அந்த 15-ஐ 17-ஆல் பெருக்கினால் 255, இரண்டு கூட்டினால் 257. மறுபடி பெருக்கி, மறுபடி இரண்டு கூட்டினால் 65,537. சரி, இதுவரை வந்தவை 3, 5, 17, 257, 65,537. ஐந்துமே பகா எண்கள், அதாவது ஒன்றாலும் தம்மாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை. இன்னும் ஒரு படி ஏறினால் நம்முடைய பெரிய எண்.

இந்த வரிசை முழுக்கப் பகா எண்தான் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். தம்மிடம் நிரூபணம் இல்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். 1729-இல் கோல்ட்பாக் என்ற கணிதர் இதைப் பற்றி இன்னொரு கணிதரான ஆய்லருக்குக் கடிதத்தில் கேட்டார். 1732-இல் ஆய்லர் சொன்ன பதில்: நம் பெரிய எண் 641-ஆல் வகுபடும், ஆக அது பகா எண் இல்லை. ஈவு 67,00,417.

அவர் கையில் கால்குலேட்டர் இல்லை. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதென்றால் நம் எண்ணின் வர்க்கமூலம் வரை போக வேண்டும். அதற்குள் 6,542 பகா எண்கள் இருக்கின்றன! ஆனால், இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்று ஆய்லர் பின்னாளில் நிறுவினார். 641 வரை அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தே ஐந்து. 6,542 எங்கே, ஐந்து எங்கே! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

அதிலும் 257-ஐ வகுத்துப் பார்க்காமலே அடித்துவிடலாம். நம் விளையாட்டை நினைத்துப் பாருங்கள். முந்தைய ஐந்தையும் பெருக்கி இரண்டு கூட்டியதுதானே இந்த எண்? அப்படியானால் அந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் மீதி வரும். 257-ஆல் வகுத்தால் மீதி இரண்டு. ஆக, நான்குதான் மிச்சம். 1878-இல் லூக்கா என்ற கணிதர் இன்னும் இறுக்கினார். 64 இல்லை, 128-இன் மடங்கோடு ஒன்று என்றார். அந்தக் கணக்கில் 257-ஐ விட்டால் முதலில் நிற்பதே 641.

நேரம் முடியப்போகிறது. 17 பக்கமுள்ள ஒழுங்கான பலகோணத்தைக் கவராயமும் அளவுகோலும் கொண்டே வரைய முடியும் என்று 1796-இல் 18 வயதான காவுஸ் என்ற கணிதர் கண்டுபிடித்ததை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அந்த 17 நம் வரிசையில் மூன்றாவது. 65,537-க்கு அப்பால் இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை. வணக்கம்.