நேராகப் போகாத பந்து: அறுபதுக்கு மேல் லான் பவுல்ஸ்

(காட்சி: குன்னூர். பனிமூட்டம் கலைந்துகொண்டிருக்கும் புல்தரை. ஒரு கை பந்தை உருட்டுகிறது.)

பந்தை நேராகத்தான் விட்டேன், பாருங்கள். போகிறது, போகிறது... நிற்கப் போகும் நேரத்தில் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது. என் கையில் கோணல் இல்லை. இந்தப் பந்தின் சுபாவமே அப்படி.

இதன் பெயர் பவுல். உள்ளே ஒரு பக்கம் ஈயம் வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் அடித்துச் சொல்வார். அதெல்லாம் இல்லை. இப்போதைய பவுல்களில் வளைவு முழுக்க உருவத்தில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உருண்டை இல்லை. சின்ன வயதில் குச்சியால் தட்டி டயர் ஓட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? வேகம் இருக்கும்வரை நேராக ஓடும், வேகம் குறைந்ததும் சாய்ந்து வட்டமடிக்கும். அதே கதைதான் இது.

(அருகில்: பவுலின் இரு பக்கமும்.)

ஒரு பக்கம் பெரிய வட்டம், மறுபக்கம் சின்ன வட்டம். சின்ன வட்டம் இருக்கும் பக்கமாகத்தான் பவுல் வளையும். வலக்கைக்காரர் வலப்பக்கம் விலக்கி விட்டால் சின்ன வட்டம் இடப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கம் விலக்கி விட்டால் அது வலப்பக்கம். நான் மாற்றிப் பிடித்து விட்ட முதல் பவுல் செம்பருத்திச் செடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. என் மனைவி அதை இன்னும் விடவில்லை.

ஆட்டம் இவ்வளவுதான்: வெள்ளையோ மஞ்சளோ ஒரு குட்டிப் பந்து, அது ஜாக். அதன் பக்கத்தில் யார் பவுல் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. எதிராளியின் மிக நெருங்கிய பவுலைவிட உங்களுடையவை எத்தனை நெருங்கி நிற்கின்றனவோ, அத்தனை புள்ளி. பாண்டிச்சேரியில் பெத்தாங்க் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். அங்கே இரும்புக் குண்டை வீசுவார்கள், இங்கே உருட்டுகிறோம்.

சரி, எங்கே குறி வைப்பது? ஜாக்கை மட்டும் பார்க்காதீர்கள். பழகுகிறவர்கள் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். பவுல் எங்கே திரும்பத் தொடங்க வேண்டுமோ, பாதையில் பாதியைத் தாண்டி, ஓரமாக, அந்த இடத்துப் புல்லைப் பாருங்கள். அங்கே விடுங்கள். மிச்சத்தைப் பவுல் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து முழங்கால். இடது காலை ஓரடி முன்னே வைத்து, இடது கையை அந்த முழங்காலில் ஊன்றிக்கொள்ளுங்கள். வலது கை ஊஞ்சல் மாதிரி பின்னே போய் முன்னே வரட்டும். புல்லை ஒட்டி விடுங்கள்; தொப்பென்று போட்டால் தரையும் கெடும், குறியும் கெடும். குனியவே முடியாதா? பவுலைக் கவ்விப் பிடிக்கும் நீளக் கம்பு ஒன்று இருக்கிறது, நின்றபடியே விடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரிய பவுல் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். வாங்கும்முன் இரு கைகளின் கட்டைவிரல், நடுவிரல்களால் அதைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். விரல் நுனிகள் தொட்டால் உங்கள் அளவு. தொடவில்லையா, சின்னதாகப் பாருங்கள்.

(காட்சி: வலை கழற்றிய பழைய புல் டென்னிஸ் கோர்ட்.)

நீலகிரியில் சமதரைக்கு எங்கே போவது? முறையான பவுல்ஸ் தரை 31 முதல் 40 மீட்டர் நீளம். நாங்கள் பிடித்தது இந்தக் கோர்ட். கோட்டுக்குக் கோடு 23.77 மீட்டர். ஜாக் குறைந்தது 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், நூலிழையில் தப்பித்தோம். கிழக்கு மூலை மட்டும் கொஞ்சம் சரிவு. அங்கே போன பவுல் பேச்சைக் கேட்காது.

2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நம் பெண்கள் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் வாங்கியது. லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்கி. நான் இந்த ஆட்டத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம், ஒரு வேடிக்கை. புல்தரை வேகத்தை விநாடியில் சொல்வார்கள்: விட்ட பவுல் 27 மீட்டரில் போய் நிற்க எத்தனை விநாடி? அதிக விநாடி என்றால் வேகமான தரை! ஈரப்புல்லில் ஓங்கி விட வேண்டும், அதனால் சீக்கிரம் போய்ச் சேரும். காய்ந்த தரையில் மெல்ல விட்டாலே ஊர்ந்து ஊர்ந்து போகும், வளைவும் கூடும். அதனால் காலையில் பழகிய கை பதினொரு மணிக்கு உதவாது.

புதிதாக வருகிறவர்கள் பத்தரைக்கு மேல் வாருங்கள், பனி காய்ந்திருக்கும். அடி தட்டையான ஷூ போட்டு வாருங்கள். குதிகால் வைத்தது வேண்டாம், புல் பள்ளமாகிவிடும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு விளையாடுங்கள், கை தாராளமாக வீசும்.