எடைத் தட்டுகளுக்கு அடியில் ஒரு தராசு

அனைவருக்கும் வணக்கம்.

ஜிம்முக்கு ஸ்மார்ட் கருவி செய்யலாம் என்றதும் பொறியியல் படித்தவர்களின் மனம் நேராக மோட்டாரிடம் போய்விடுகிறது. அமெரிக்காவில் டோனல் நிறுவனம் 2018-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சுவர்க் கருவி அந்த வழியில் வந்ததுதான். அதில் எடைத் தட்டே கிடையாது. மின்காந்த விசை 200 பவுண்டு வரை இழுத்துப் பிடிக்கும். அருமையான பொருள். ஆனால் சிறிய முதலோடு தொழில் தொடங்குகிறவர் அந்தப் பக்கம் போகக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். 50 கிலோ பாரத்தை 60 செ.மீ. இறக்கும்போது சுமார் 294 ஜூல் ஆற்றல் மோட்டாருக்குத் திரும்பி வருகிறது. மோட்டாருக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் இணைப்பில், மின்சாரத்தைச் சேமிக்கும் 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்தால், அது பிடித்துவைத்திருப்பது 11.5 ஜூல்தான். வந்ததில் பாதி மோட்டாரிலேயே சூடாகப் போனாலும், மிச்சம் வோல்டேஜை 170-க்கு மேல் தூக்கிவிடும். மோட்டாரை இயக்கும் டிரைவர் போர்டு புகைந்துவிடும். தடுப்பதற்கு, மிஞ்சிய ஆற்றலைச் சூடாக்கி வெளியேற்றும் பிரேக் ரெசிஸ்டர் வேண்டும். அதற்கும் மேலே, கரண்ட் போனால் என்ன ஆகும்? முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருப்பவரின் கையில் பாரம் சட்டென்று மறையும். அவர் பின்பக்கம் சாய்ந்து விழுவார். இரும்புத் தட்டுக்கு இந்த ஆபத்து இல்லை.

நம் ஊர் ஜிம்களில் லாட் புல்டவுன், கேபிள் ரோ என்று கேபிளை இழுத்து எடைத் தட்டுகளைத் தூக்கும் கருவிகள் எல்லாம் ஏற்கெனவே நிற்கின்றன. அவற்றைத் தூக்கி எறியவைக்கும் தொழில் வேண்டாம். அவற்றுக்கு அளக்கத் தெரியவைக்கும் ஒரு பெட்டியை விற்போம்.

பயிற்சி செய்பவர் தட்டடுக்கில் எத்தனை கிலோவைத் தூக்குமாறு 'பின்' என்ற பூட்டுக் கம்பியைச் செருகியிருக்கிறார் என்று எப்படி அறிவது? அந்தப் பின்னிலேயே சென்சார் வைத்தால் ஒரே மாதத்தில் அது தொலையும். அடுக்கு முழுவதையும் ஒரு தராசின் மேல், அதாவது லோட் செல் என்ற எடை சென்சார் தாங்கும் பலகையின் மேல், உட்காரவையுங்கள். மொத்தம் 100 கிலோ, தூக்கும்போது தராசில் 60 மிஞ்சுகிறது, தூக்கியது 40. இதில் ஒரு பெரிய வசதி உண்டு. மேலே போன தட்டுகளை வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் கீழே மிஞ்சியதன் எடை மாறாது. ஆகவே லோட் செல்லின் அளவைப் படிக்கும் ஹெச்எக்ஸ்711 போர்டு நொடிக்கு 10 முறை படித்தாலே போதும். மொத்த எடையை மட்டும் ஒவ்வொரு செட்டுக்கு (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுப் பயிற்சிக்கு) முன்பும் புதிதாகப் படிக்க வேண்டும். யாராவது மேலே இரண்டரைக் கிலோ கூடுதல் தட்டு வைத்திருப்பார்கள்.

இந்த முறை தோற்பது அடி விழும்போது. 40 கிலோவை 10 செ.மீ. உயரத்திலிருந்து அப்படியே விட்டு, அது 5 மி.மீ. ரப்பரில் நின்றால், சராசரி விசையே 800 கிலோ எடைக்கு மேல். லோட் செல் வளைந்துவிடும். அதன்பிறகு பூஜ்யம் பூஜ்யமாக இருக்காது. ரப்பரைத் தடிமனாக்குங்கள். அது மட்டும் போதாது. பலகைக்கு அடியில் நான்கு நிறுத்து போல்ட்டுகளை மிகச் சிறிய இடைவெளியில் வையுங்கள். அளவுக்கு மிஞ்சிய விசை நேராக ஃபிரேமுக்குப் போகட்டும். தட்டுகள் ஏறி இறங்க வழிகாட்டும் செங்குத்துக் கம்பியான கைட் ராடு பலகையில் நுழையும் துளைகள் தாராளமாக இருக்கட்டும். உரசினால் தராசின் அளவு சரியாக நகராமல் சிக்கிக்கொள்ளும். பலகை அடுக்கை 3 செ.மீ. உயர்த்தும், அதனால் கேபிள் தொய்யும். அட்ஜஸ்டரில் இழுத்துக் கட்டாமல் வேலையை முடிக்காதீர்கள்.

அடுத்தது வேகம். அடுக்குக்கு நேர் மேலே உள்ள நிலையான புல்லியின் அச்சில் ஒரு காந்தம், எதிரே அதன் சுழற்சியைப் படிக்கும் ஏஎஸ்5600 சென்சார். ஒரு சுற்றுக்கு 4,096 படிகள். 9 செ.மீ. புல்லியில் ஒரு படி 0.07 மி.மீ. அளவுதான். காந்தம் வாங்கும்போது பலர் ஏமாறுவது இங்கே: வடக்கும் தெற்கும் வட்டத்தின் இரு பாதிகளில் இருக்க வேண்டும், மேல்முகம் கீழ்முகமாக இருந்தால் சென்சாருக்குச் சுழற்சியே தெரியாது. புல்லியின் பேரிங் காய்ந்திருந்தால் கேபிள் வழுக்கும், தூரம் குறைவாக வரும். முதலில் பேரிங்கை மாற்றுங்கள்.

கைப்பிடியில் உணரும் பாரம் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். 2:1 புல்லி அமைப்பில் அடுக்கில் 40 என்றால் கையில் 20. ஒவ்வொரு கருவிக்கும் இந்த விகிதத்தைத் தனியே பதியுங்கள்.

இவ்வளவும் எதற்கு? செட்டின் முதல் ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது) நொடிக்கு 0.60 மீட்டரில் ஏறி, பிறகு 0.48-க்கு இறங்கினால் வேகம் 20 சதவீதம் குறைந்திருக்கிறது. ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட 8 வார ஸ்குவாட் ஆய்வில், வேகம் 20 சதவீதம் குறைந்ததும் செட்டை நிறுத்தியவர்களும் 40 சதவீதம் குறையும் வரை போனவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு பலம் பெற்றார்கள்; தசைப் பருமன் மட்டும் இரண்டாமவர்களுக்குக் கூடுதல். பலம் வேண்டுபவருக்கு 20-இல் மஞ்சள் விளக்கு, பருமன் வேண்டுபவருக்கு 40-இல். கருவியில் அந்த ஒரு விளக்கு போதும். வியர்வைக் கையோடு போனைத் தடவச் சொல்லாதீர்கள். ஒரு நிபந்தனை: ஒவ்வொரு ரெப்பையும் முடிந்த அளவு வேகமாகத் தூக்க வேண்டும். வேண்டுமென்றே மெதுவாகச் செய்பவருக்கு இந்த விளக்கு பொய் சொல்லும். டிரெய்னரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆனால் பணம் தருபவர் ஜிம் உரிமையாளர். அவருக்கு வேண்டியது வேறு. எந்தக் கருவி எத்தனை ரெப் ஓடியது என்ற எண்ணிக்கை அவர் கையில் இருந்தால், கேபிள் அறுவதற்கு முன்பே மாற்றலாம். கேபிள் பெரும்பாலும் முனைப் பூட்டுக்கு அருகிலும் புல்லி வளைவிலும்தான் நைகிறது. நைலான் உறை வெடித்துக் கம்பி தெரிந்தால் அன்றே கழற்ற வேண்டும். அந்த எச்சரிக்கையை மாத வாடகைக்கு விற்கலாம். ஒரு ஜிம்மில், ஒரே ஒரு லாட் புல்டவுனில், 3 மாதம் ஓடவிட்டு, லோட் செல்லின் பூஜ்யம் எவ்வளவு நகர்கிறது என்று வாரந்தோறும் குறித்துவையுங்கள். அது 1 கிலோவுக்குள் நின்றால் இரண்டாவது பெட்டியைச் செய்யலாம்.