பெயரைச் சொல்லாமலும் 108-ஐ அழைக்கலாம்

வணக்கம் நேயர்களே. அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் செவிலியராக இருந்தேன், அதில் பாதிக்கு மேல் கேஷுவால்ட்டியில்தான். விபத்தில் அடிபட்டு யார் வந்தாலும் ஏ.ஆர் போட வேண்டும், அதாவது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். அதில் ‘யார் கொண்டுவந்தது’ என்று ஒரு கட்டம் இருக்கும். டூட்டி டாக்டர் எழுதுவார், விவரம் கேட்டுச் சொல்வது எங்கள் வேலை. அந்தக் கட்டத்துக்கு வரும்போதுதான் கூட வந்தவர் மெதுவாகப் பின்னால் நகர்வார். சட்டையெல்லாம் ரத்தம், கை நடுங்கும், ஆனாலும் முதலில் வருகிற வார்த்தை, “சிஸ்டர், என் பேரை மட்டும் எழுதிடாதீங்க.”

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஏன் என்றால், 2012 வாக்கில் ஒரு காய்கறி வண்டிக்காரர் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார், பையன் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட்டில் இவருடைய பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஸ்டேஷனுக்கு வா, கையெழுத்துப் போடு, கோர்ட்டுக்கு வா என்று எத்தனை நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் வியாபாரம் போச்சு. நீதான் இடிச்சியா என்று கூட ஒருவர் கேட்டாராம். பின்னொரு நாள் என்னைப் பார்த்தபோது, “இனிமே நிக்க மாட்டேன் சிஸ்டர்” என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது, வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்.

அந்த நிலைமை சட்டத்தில் மாறிவிட்டது, ஆனால் மாறியது நிறையப் பேருக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். சாலை விபத்தில் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு கேட்டு ‘சேவ்லைஃப் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. வழக்கு நடக்கும்போதே, 2015 மே மாதம், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் போன் செய்கிறவருக்கென்றே ஒரு வரி இருக்கிறது: அடிபட்டுக் கிடப்பவருக்காகப் போலீசுக்கோ அவசர உதவிக்கோ தகவல் சொல்கிறவரை, போனிலோ நேரிலோ, பெயரையும் சொந்த விவரங்களையும் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. போலீஸ் வழக்குக்காக மருத்துவமனை எழுதுகிற மெடிக்கோ லீகல் படிவத்திலும் பெயர் கொடுப்பது அவரவர் விருப்பம். 2016 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் இந்த நெறிகள் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று உத்தரவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில், உதவுகிறவரைப் பாதுகாக்க 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள், 2020-ல் அதற்கு விதிகளும் வந்தன.

அந்த விதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது சாட்சி பற்றிய பகுதி. நீங்களாக முன்வந்து சாட்சி சொல்கிறேன் என்றால்தான் விசாரணை. அதுவும் உங்களுக்கு வசதியான நேரத்தில், வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ, போலீஸ்காரர் மஃப்டியில் வந்து, கூடுமானவரை ஒரே தடவையில் முடித்துக்கொள்ள வேண்டும். யூனிஃபார்மில் ஒருவர் வாசலில் வந்து நின்றால் தெரு முழுக்க என்ன பேசும் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த உரிமைகளையெல்லாம் மருத்துவமனை வாசலில் உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனால் வாசலில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் கேளுங்கள்.

சரி, பெயர் சொல்லவில்லை, ஆனால் நம்பர்? உங்கள் நம்பர் 108-ன் திரையில் தெரியும், நீங்கள் பேசுவது பதிவாகும். இதை மறைக்கக் கூடாது, ஏனென்றால் அந்த நம்பர் ஆம்புலன்ஸுக்கு வேண்டும். பைபாஸில் இருட்டில் ‘பெட்ரோல் பங்க் தாண்டி’ என்றால் எந்த பங்க், எந்தப் பக்கம் என்று வண்டியில் இருப்பவர் திருப்பிக் கூப்பிட்டுத்தான் கேட்க முடியும். என்னுடைய வாதம் இதுதான்: அந்த நம்பர் உயிரைக் காப்பாற்றக் கொடுத்தது, அந்த வேலை முடிந்ததோடு நிற்க வேண்டும். உங்களைக் கேட்காமல் அது வேறு கைக்குப் போய், மறுநாள் “கொஞ்சம் ஸ்டேஷன் வரை வந்துட்டுப் போங்க” என்று போன் வந்தால், பெயர் சொல்ல வேண்டாம் என்று சட்டம் கொடுத்த பாதுகாப்புக்கு என்ன அர்த்தம்?

இன்னொன்று, 134ஏ சாலை விபத்துக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணை அடிக்கிறார்கள், நீங்கள் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுகிறீர்கள். ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுகிறீர்கள். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்று 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டமும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டமும் சொல்கின்றன. நல்லதுதான். ஆனால் தகவல் சொன்னவருக்கு வழக்கைப் பற்றியா பயம்? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளைப் பற்றித்தான் பயம். போலீஸ் வண்டி தெருமுனையில் வந்து நிற்கும், அங்கிருந்தே போனில், “நீங்கதானம்மா கூப்பிட்டது, வெளியே வாங்க” என்பார்கள். அவ்வளவுதான், தெருவுக்கே தெரிந்துவிடும். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பழக்கம். இந்தப் பழக்கத்தை மாற்ற புதுச் சட்டம் வேண்டாம், பயிற்சி போதும். தகவல் சொன்னவரைத் தேடாமல் நேரே அந்த வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

ஒரு கேள்வி வரும் என்று தெரியும். எல்லோரும் பெயர் சொல்லாமல் போய்விட்டால் அடிபட்டவருக்கு யார் சாட்சி? நியாயமான கேள்வி, நஷ்டஈடு வழக்கில் நேரில் பார்த்த சாட்சி இல்லாமல் தவித்த குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் மனசு ஒப்பினால் பெயரைக் கொடுங்கள், ஆனால் கொடுப்பது நீங்களாக இருக்க வேண்டும். ஒப்பவில்லை என்றாலும் இடித்துவிட்டுப் போன வண்டியின் நம்பரைச் சொல்லுங்கள். உங்கள் பெயர் இல்லாமலே அந்த நம்பர் போலீசுக்குப் போய்ச் சேரும்.

அதனால் 108-க்குப் போன் செய்தால் முதலில் இடம், அப்புறம் எத்தனை பேருக்கு அடி, மூச்சு இருக்கிறதா. பெயர் கேட்டால், “சொல்ல விருப்பமில்லை” என்று சாதாரணமாகச் சொல்லுங்கள், வண்டி வரும். ஒன்றே ஒன்று, பேசி முடித்ததும் பயத்தில் போனை சுவிட்ச் ஆஃப் செய்துவிடாதீர்கள். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள், வழி தெரியாமல் வண்டி எங்காவது நின்றுகொண்டிருக்கும்.