பெயர் வைத்தவர் பக்கம் சாயும் வாதம்

நேயர்களே, வணக்கம். மட்டக்களப்பில் பல ஆண்டுகளாகப் பாடசாலை விவாத அணிகளைப் பழக்கி வருகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக விளையாடும் மாணவர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாமா என்பதே இந்தத் தவணை நான் கொடுத்த தலைப்பு. தூரத்து விடயம் என்று தள்ளிவிட வேண்டாம். நமது வெபர் மைதானத்தின் பெயரே, அமெரிக்காவிலிருந்து வந்து நம் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிய இயேசு சபைத் துறவி ஒருவருடையதுதான்.

சம்பளம் வேண்டும் என்போரிடம் வலுவான ஓர் ஒப்புமை இருக்கிறது. வீரர்களுக்குக் கிடைக்கும் கல்வி சார்ந்த சலுகைகளுக்கு, அங்குள்ள கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதித்திருந்த வரம்புகள் செல்லாது என்று 2021இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அவர்களில் ஒருவரான பிரெட் கவனோ தனியாகவும் எழுதினார். குறைந்த கூலிக்குச் சமைத்த உணவையே வாடிக்கையாளர் விரும்புகிறார்கள் என்று காரணம் காட்டி, ஒரு வட்டாரத்து உணவகங்கள் கூடிச் சமையற்காரரின் கூலியைக் குறைக்க முடியாது என்றார். கேட்டதும் நம் தலை தானாக அசைகிறது. அசையும் அந்த நேரத்தில்தான் நிதானம் வேண்டும். சமையற்காரர் உணவகத்தில் பட்டம் படிப்பதில்லையே! எதிரணி பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

எதிரணியோ அச்சத்தை எழுப்புகிறது. காசு புகுந்தால் விளையாட்டின் தூய்மை கெடும், வருமானம் தராத நீச்சல் அணிகள் மூடப்படும் என்கிறது. பின்னையதைக் கணக்கு வைத்துச் சரிபார்க்கலாம். முன்னையதை எதை வைத்து அளப்பது?

இவற்றையெல்லாம் விட வலியது ஒரு பெயர்: ‘மாணவ வீரர்’. 1955இல் கொலராடோ மாநிலத்திலுள்ள ஒரு கல்லூரியின் வீரர் ஒருவர் அமெரிக்க உதைபந்தாட்டத்தின்போது தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளிக்குரிய இழப்பீட்டை அவருடைய மனைவி கேட்டார். 1957இல் அம்மாநில உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. வீரர்கள் ஊழியர்களாகக் கருதப்பட்டுவிடுவார்களோ என்று அஞ்சியே அந்தச் சொல்லை உருவாக்கியதாக, சங்கத்தை அன்று நடத்திய வோல்டர் பயர்ஸ் பிற்காலத்தில் எழுதினார். ஒரு விதவையின் கைக்கு எட்டாமற்போன பணத்தை நினைக்கும்போது அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்கள் இப்போது வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். அதற்கும் சம்பளம் என்ற பெயர் இல்லை, ‘வருமானப் பங்கு’ என்கிறார்கள்.

நம்மிடமும் இப்படிப்பட்ட சொற்கள் உண்டு. மைதானத்தில் ஓடுவதைப் ‘புறக்கிருத்தியம்’ என்கிறோம். சொல்லே அதைப் புறத்தே நிறுத்திவிடுகிறது. சாதாரணதரப் பரீட்சை நெருங்கினால், மாலையில் கூடைப்பந்து ஆடும் மகனை ‘விளையாட்டுப் பிள்ளை’ என்கிறார் தாய். அவருடைய கவலை உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மகன் எதைச் சொன்னாலும் அது பொறுப்பில்லாத பேச்சாகவே கேட்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் என் அணிப் பிள்ளைகள் இதே வாதத்தை நடத்திக் காட்டப் போகிறார்கள். இரு தரப்பாருக்கும் ஒரே நிபந்தனை வைத்திருக்கிறேன்: அந்த இரண்டு சொற்களையும் யாரும் பயன்படுத்தக் கூடாது. வணக்கம்.