ரைஸ் மில்லுக்கு எர்கோனாமிக்ஸ் ஆள் தேடுகிறீர்களா? முதலில் நம் ஊர்ச் சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள்!

(திரையில்: சிமெண்ட் தரையில் ஒரு நெல் மூட்டை. மேலே பெரிய எழுத்தில் "40 கிலோ".)

தரையில் கிடக்கும் 40 கிலோ சிப்பம் இது. ஒருவர் குனிந்து இதைத் தலை உயரத்துக்குத் தூக்க வேண்டும். இப்படித் தூக்கும்போது இடுப்புக்குப் பாதுகாப்பான எடை எத்தனை கிலோ? மனதில் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 30? 25? விடை இன்னும் ஒரு நிமிடத்தில்.

வணக்கம். மன்னார்குடி பக்கம் மில் நடத்தும் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "லோடுமேன்களுக்கு அடிக்கடி இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து எர்கோனாமிக்ஸ் நிபுணர்களைக் கூப்பிடலாம் என்று இருக்கிறேன். யாரை நம்பிக் கூப்பிடுவது?" நல்ல கேள்வி. அதற்காகவே இந்த வீடியோ.

எர்கோனாமிக்ஸ், தமிழில் பணிச்சூழலியல். உடம்பை வேலைக்காக வளைக்காமல், வேலையை உடம்புக்கு ஏற்றபடி மாற்றுவது. பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும், கணக்குக்குப் போவோம்.

(திரையில்: கரும்பலகை.)

அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், சுமை தூக்குவதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. 1991-இல் திருத்தப்பட்டது. எல்லாம் சரியாக அமைந்தால் 23 கிலோ என்று தொடங்கும். அப்புறம் ஒவ்வொரு குறைக்கும் எடையைக் குறைத்துக்கொண்டே வரும்.

மூட்டை பருமனாக இருக்கிறது, கைகள் கணுக்காலிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடிக்கின்றன. சூத்திரத்துக்குச் சரியான தூரம் 25 செ.மீ. அந்த 25-ஐ 50-ஆல் வகுக்க வேண்டும், அதாவது பாதி. 23 இப்போது 11.5. மூட்டை தரை மட்டத்தில் கிடக்கிறது, அதற்கு 0.775 மடங்கு. 8.9 ஆகிவிட்டது. தரையிலிருந்து 150 செ.மீ. உயர்த்த வேண்டும், அதற்கு 0.85 மடங்கு. கடைசியில் நிற்பது ஏறத்தாழ 7.5 கிலோ! திரும்பிக்கொண்டே தூக்கினால் இன்னும் குறையும். நிமிடத்துக்குப் பல தடவை தூக்கினாலும் குறையும். நம் மூட்டையோ 40 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிட்டாலும் ஆளுக்கு 20.

இப்போது அதே மூட்டையை 75 செ.மீ. மேடையில் வையுங்கள். உடம்பை ஒட்டிப் பிடித்து, உயர்த்தாமல் அதே மட்டத்தில் ஒரு தள்ளுவண்டிக்கு மாற்றுங்கள். கணக்கு மறுபடி 23-க்கு வந்துவிடுகிறது. ஆள் அதே ஆள், முதுகும் அதே முதுகு. மூட்டை இருந்த இடத்தை மட்டும்தான் மாற்றினோம், எண் மூன்று மடங்காகிவிட்டது. இதை முதல்முறை போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. என் சித்தப்பா இருபது வருஷம் மூட்டை தூக்கியவர்.

அவர் வேலை பார்த்த இடத்துக்கும் ஒரு நிறுவனம் வந்தது. அரை நாள் வகுப்பு. "முழங்காலை மடக்குங்கள், முதுகை நேராக வையுங்கள்" என்று திரையில் படம் காட்டினார்கள். எல்லாருக்கும் ஓர் இடுப்பு பெல்ட், ஒரு சான்றிதழ், குரூப் போட்டோ. மறுநாள் மூட்டை அதே தரையில்தான் கிடந்தது. சித்தப்பா இன்று குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் சித்தியைக் கூப்பிடுகிறார்.

பெல்ட்டைப் பற்றி ஆய்வு இருக்கிறது. அமெரிக்கச் சில்லறைக் கடைத் தொழிலாளர்களிடம் நியோஷ் நடத்தி 2000-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், பெல்ட் போட்டதால் முதுகுக் காயமோ வலியோ குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பதும் அப்படியே. காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து வெளியிட்ட 2011 அறிக்கை, அந்தப் பயிற்சியால் முதுகுவலி தடுக்கப்படுவதாகக் காணவில்லை.

(திரையில்: சாலையோரச் சுமைதாங்கிக் கல்.)

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடம். நிறுத்தி வைத்த இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு கல். சுமைதாங்கி. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டுவைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழியில் போகிறவர்களின் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம். அந்த எண்ணத்தை நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

அந்தக் கல்லின் உயரத்தைக் கவனியுங்கள். எங்கள் ஊர்க் கல்லை டேப் வைத்து அளந்தேன், 137 செ.மீ. தலையில் சும்மாடு, அதன் மேல் கட்டு. தனியாக வருகிறவர் கல்லின் பக்கத்தில் போய் லேசாகச் சாய்த்தால் சுமை கல்லுக்குப் போய்விடும். மூச்சு வாங்கிவிட்டுத் தலையைக் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். குனிய வேண்டாம், தூக்கிவிட ஆள் தேட வேண்டாம். சூத்திரம் எந்த உயரத்தைக் குறைக்கச் சொல்கிறதோ, அதை இந்தக் கல் கிட்டத்தட்ட இல்லாமலே ஆக்கிவிடுகிறது. கல்லை நட்டவர்கள் யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை.

நீங்கள் கூப்பிடும் நிறுவனம் மில்லுக்குள் சுமைதாங்கி வைக்கிற நிறுவனமாக இருக்க வேண்டும். மேடை, தள்ளுவண்டி, கன்வேயர், லாரி மட்டத்துக்கு உயர்த்திய தளம், எதுவாகவும் இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? "முதல் நாள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "ஹால் இருக்கிறதா, புரொஜெக்டர் இருக்கிறதா?" என்று ஆரம்பித்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். "லாரி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டால் உட்காரவைத்துப் பேசுங்கள். ஆடியில் வந்து அளப்பதில் பயனில்லை. சம்பா நெல் குவியும் தை, மாசியில் வரட்டும், ராத்திரி லோடு ஏறும்போதும் நிற்கட்டும். லோடுமேனிடம் தமிழில் பேசத் தெரிந்தவர் ஒருவராவது அந்தக் குழுவில் இருக்க வேண்டும். பெல்ட்டோ நாற்காலியோ விற்கிறவரிடம் ஆலோசனை கேட்காதீர்கள். பிசியோதெரபிஸ்ட் நல்லவர்தான், ஆனால் வலி வந்த உடம்பைப் பார்ப்பது ஒரு படிப்பு, மூட்டை போகும் வழியைப் பார்ப்பது இன்னொரு படிப்பு.

நிறையப் பேர் மறந்துவிடுவது கூலி. மூட்டைக் கணக்கில் கூலி என்றால், "50 கிலோ மூட்டையை 25 கிலோ ஆக்குங்கள்" என்ற ஆலோசனை தொழிலாளிக்கு எப்படிக் கேட்கும்? மூட்டைக்குப் பழைய கூலியில் பாதி என்றால், அதே காசுக்கு இரண்டு மடங்கு நடை. ரேட்டைத் தொடாமல் விட்டால் முதலாளிக்குச் செலவு இரட்டிப்பு. டன் கணக்குக்கு மாற்றுவதா, புது ரேட் பேசுவதா என்று தொழிற்சங்கத்தோடு உட்காரத் தயங்குகிற நிறுவனம் பாதி வேலைதான் செய்யும்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பார்கள் என்றும் கேளுங்கள். விபத்துப் பதிவேடு மட்டும் போதாது. தினக்கூலிக்காரர் வலியை வெளியே சொல்ல மாட்டார், சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது என்ற பயம். உடம்பில் எங்கெங்கே வலி என்று கேட்க 1987-இல் வந்த நார்டிக் கேள்வித்தாளில் மனித உடம்பின் படம் இருக்கும். அதை வைத்து, பெயர் எழுதாமல், வலிக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வைத்துவிடுவார். மாற்றத்துக்கு முன்னால் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை. இரண்டாவது தடவை வர ஒப்புக்கொள்ளாதவருக்கு முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள்.

திருபுவனம் தறிக்காரர்களும் நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைக்காரர்களும் தனி வீடியோ கேட்டிருக்கிறீர்கள், நிச்சயம் வரும்.

அதற்குள் ஒரு வேலை. உங்கள் ஊரில் சுமைதாங்கிக் கல் இருந்தால் டேப் எடுத்துப் போய் உயரத்தை அளந்து, ஊர்ப் பெயரோடு கமெண்ட்டில் போடுங்கள். கூடவே உங்கள் மில்லில் மூட்டை எந்த உயரத்தில் கிடக்கிறது என்றும் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.